பலர் கையொப்பத்தில் நிற்கும் பொறுப்பு

(அருள்புரத்தில் கூடிய நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நூலும் பனியனும் சாயமும் இவ்வூரில் நமக்குச் சோறிடுகின்றன. ஆயின் பஞ்சுக்கு நெருப்புப் பகையென்பதை யாவரும் அறிவர். ஓரிரவில் குடோனில் பற்றும் தீயானது தகப்பனார் காலமுதல் சேர்த்த முதலையும், மக்கள் கல்விக்கும் விவாகத்திற்கும் வைத்த பொருளையும், தொழிலாளர் பலருடைய ஜீவனத்தையும் ஒருங்கே விழுங்கிவிடும். ஆதலின் பெருநஷ்டத்தைப் பல கம்பெனிகள் பகிர்ந்தேற்கும் முறையையும், அதில் தரகர் செய்யும் வேலையையும் இன்று சிறிது ஆராய்வோம்.

ஒருவரால் தாங்கவொண்ணாததைப் பலர் கூடித் தாங்குதல் நமக்குப் புதிதன்று. தனியொரு சாயப்பட்டறையார் எளிதிற் கட்டவியலாத கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பல பட்டறையார் பங்கிட்டு இவ்வருள்புரத்திலேயே அமைத்துள்ளனர். இன்ஷூரன்ஸ் சந்தையின் அடிப்படையும் அதுவே.

1680-களில் லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவர் ஒரு காப்பிக்கடை நடத்தினார். கப்பற்காரரும் வியாபாரிகளும் அங்கே கூடினர். கப்பலின் விவரம் எழுதிய தாளைத் தரகர் கொண்டுவர, பொறுப்பேற்பவர் அதன்கீழ்த் தம் பெயரையும் ஏற்கும் பங்கையும் எழுதுவர். 'கீழே எழுதுவோர்' என்று பொருள்படும் அண்டர்ரைட்டர் என்ற பெயர் இவ்வழக்கத்தினின்றே பிறந்தது. லாயிட்ஸ் ஒரு கம்பெனியன்று. அது ஒரு சந்தை. 1871-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சட்டத்தால் அது நிலைபெற்றது. இன்றும் தரகர் முதலில் அனுபவமிக்க ஒருவரை அணுகுகின்றார். அவரே தலைவராய் நின்று விகிதத்தையும் நிபந்தனைகளையும் நிர்ணயித்து, நூற்றுக்கு இருபது என்பதுபோல் தம் பங்கை எழுதுகின்றார். பின்னர் மற்றையோர் தொடர்ந்தெழுத, நூறு பூர்த்தியாகின்றது. தாளுக்குப் பதிலாக இக்காலத்தில் மின்னணு முறை வந்துளது; முறைமை மாறவில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கே பொறுப்பாளி. பக்கத்தவர் கொடாதொழிந்தால் அவர் பங்கை மற்றவர் கொடார். ஆகவே தலைவரது பெயரின் கீர்த்தியை மாத்திரம் பார்த்து மகிழ்தல் போதாது.

நம் தேசத்திலும் பெரிய ஆலைகளுக்கு இவ்வண்ணமே பல கம்பெனிகள் கூடிப் பாலிஸி வழங்குகின்றன. தலைமைக் கம்பெனி பாலிஸியை எழுதி, நஷ்ட விசாரணையை முன்னின்று நடத்தும். ஏனையவை பெரும்பாலும் அதனைப் பின்பற்றும். 2002-ஆம் வருஷத்து விதிகளின் பின் லைசென்ஸ் பெற்ற புரோக்கர்கள் இத்தொழிலில் இறங்கினர். ஏஜெண்டு கம்பெனியின் பிரதிநிதி. புரோக்கரோ நம்முடைய பிரதிநிதி. எனினும் அவருக்குரிய கமிஷன் கம்பெனியிடமிருந்தே வருகின்றது. ஆதலின் எந்தெந்தக் கம்பெனிகளிடம் விலை கேட்டார், இதனை ஏன் தேர்ந்தார் என்று அவரை வினவுதல் மரியாதைக்குறைவன்று, நமது உரிமையே.

உரிமையுடன் கடமையும் உண்டு. பாய்லர், பழைய ஒயரிங், வாசலடைய அடுக்கிய பேல்கள் முதலியவற்றை மறைத்தால், நஷ்ட காலத்தில் அம்மறைவே நமக்குப் பகையாகும். பிரீமியத்தை மிச்சப்படுத்தச் சரக்கின் மதிப்பைக் குறைத்தெழுதுவதும் அத்தகையதே. 1 கோடி ரூபாய்ச் சரக்கை 50 லட்சத்திற்கு இன்ஷூர் செய்தவருக்கு 20 லட்சம் நஷ்டம் நேர்ந்தால், சராசரி விதிப்படி 10 லட்சமே கிடைக்கும். 5 கோடிக்கு மேற்படாத சொத்துக்கென 1-4-2021 முதல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிஸியில் நூற்றுக்குப் பதினைந்து வரையுள்ள குறைவு மன்னிக்கப்படும். பாதியாய்க் குறைத்தால் அச்சலுகையும் உதவாது. அன்றியும், பிரீமியம் முன்னரே சேராதிருப்பின் பொறுப்புத் தொடங்காதென்பது 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் பொதுவிதி.

ஆதலால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதத்திலேயே தம் பாலிஸியை எடுத்து, யார் யார் எத்தனை பங்கு ஏற்றனர், சரக்கின் இன்றைய மதிப்பு யாது என்று ஒப்பிட்டுப் பார்ப்பாராக. அப்பத்திரம் எங்குளது, எவரிடம் முறையிடவேண்டும் என்பதை வீட்டிலுள்ள தாய்மாரும் அறிந்திருத்தல் அவசியம். பலர் கையொப்பமிட்டுத் தாங்குவது நாம் சொன்ன விவரத்தையே. அவ்விவரம் மெய்யாயின் தாங்குவோர் கையும் உறுதியாயிருக்கும். யாவர்க்கும் க்ஷேமம் உண்டாகுக.