பழைய கணினிக்கு ‘லைட்’ விண்டோஸ் போடலாமா?

(மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் சங்க அலுவலகக் கணினி உங்களுக்குத் தெரியும். ரசீது கேட்டு வந்தால், அது ஆன் ஆவதற்குள் மொட்டை மாடி வரை லிஃப்டில் போய் வந்துவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். நம் கணினியில் அது இல்லை. புதிது வாங்கும் செலவை மிச்சப்படுத்தலாம் என்று, ஒரு கடையில் கொடுத்து ‘லைட்’ விண்டோஸ் போடச் சொன்னோம். யோசனை என்னுடையதுதான்.

கணினி பறந்தது. நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பொருளாளர் மேடம் கேட்டார்: “சார், இதுல விண்டோஸ் செக்யூரிட்டியைக் காணோமே?” தேடிப் பார்த்தேன், இல்லை. அப்டேட்டும் வேலை செய்யவில்லை. உங்கள் மெயின்டனன்ஸ் பணம் இருக்கும் வங்கிக் கணக்கை அத்தனை நாளும் அந்தக் கணினியில்தான் திறந்திருக்கிறோம். நல்லவேளை, பணம் எதுவும் போகவில்லை. அன்றே வேறு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினோம்.

‘லைட்’ என்பது தேவையில்லாத செயலிகளைக் கழித்த விண்டோஸ். டிஸ்க்கில் இடம் மிச்சமாகும், பழைய கணினிக்கு மூச்சு வரும். அதில் பொய்யில்லை. எதைக் கழித்தார்கள் என்பதில்தான் விஷயம். டைனி11 என்று ஒன்று பிரபலம். அதன் சாதாரண வகையில் அப்டேட்டும் டிஃபெண்டரும் இருக்கும். ‘கோர்’ என்ற வகையில் இரண்டும் இயங்காது. பிறகு தமிழ் மொழி வசதியைக்கூடச் சேர்க்க முடியாது. அது சோதனைக்குத்தான், அன்றாட உபயோகத்துக்கு அல்ல என்று உருவாக்கியவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் பழைய சோபாவை வெளியே போடுவது ஒன்று. கரண்ட் பில் மிச்சம் என்று சிசிடிவியை நிறுத்தி, வாட்ச்மேனையும் அனுப்பிவிடுவது வேறு.

இன்னொன்று, அதைத் தயாரித்தது யார்? மைக்ரோசாஃப்டின் கோப்பை இறக்கி, டைனி11-க்கான ஸ்கிரிப்டை வைத்து நாமே செய்துகொள்ளலாம்; அந்த ஸ்கிரிப்டை யாரும் திறந்து படிக்கலாம். கடைக்காரர் பென் டிரைவில் இருப்பதை யார் எங்கே செய்தார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. லைசென்ஸும் தனியாக வேண்டும். ‘லைட்’ என்பதால் அது இலவசமாகிவிடாது.

பேரப்பிள்ளை டைப்பிங் பழக, பழைய பாட்டு கேட்க என்றால் நான் தடுக்க மாட்டேன். வங்கி, ஆதார், வருமான வரி என்றால் வேண்டவே வேண்டாம்.

சங்கக் கணினியில் இப்போது ஒரு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டிருக்கிறோம். இலவசம், இலகுவானது, பாதுகாப்பு அப்டேட்டும் வருகிறது. உண்மையில் பாதி வேகம் எஸ்எஸ்டியால் வந்தது. அதை முதலிலேயே செய்திருக்கலாம். எக்செல் கணக்குகள் லிப்ரே ஆபீஸில் திறக்கின்றன. பிரிண்டர்தான் ஒரு நாள் முழுக்கப் படுத்தியது. டேலி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி சரிவராது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடுங்கள். பிறகு செட்டிங்ஸில் அப்டேட் கடைசியாக எப்போது வந்தது என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அதில் வங்கிப் பக்கத்தைத் திறக்காமல், ஞாயிறு காலை கிளப் ஹவுஸுக்குக் கணினியை எடுத்து வாருங்கள். பத்து மணியிலிருந்து நான் இருப்பேன். சார்ஜரை மறந்துவிடாதீர்கள்.