கணிப்பொறியின் பரிந்துரையும் அலுவலரின் பொறுப்பும்

உதவித்தொகை கோரும் விண்ணப்பம் ஒன்று அலுவலரின் பார்வைக்கு வருகிறது. கணிப்பொறித் திரையில் ‘ஐயத்துக்குரியது’ என்னும் குறிப்பு தோன்றுகிறது; காரணம் ஏதும் காணப்படவில்லை. அக்குறிப்பை ஏற்று அலுவலர் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வாராயின், அம்முடிவை எடுத்தவர் யார்? கையொப்பம் அலுவலருடையது, ஆராய்ந்து பார்த்தவரோ எவரும் இலர். செயற்கை நுண்ணறிவு ஆட்சித் துறையில் இடம்பெற்று வரும் இக்காலத்தில், அலுவலரும் நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவரும் விடை காணவேண்டிய வினா இதுவே.

நெதர்லாந்து தரும் பாடம்

நெதர்லாந்து நாட்டு வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களைச் சலித்தெடுக்க, தானே கற்றுக்கொள்ளும் கணிப்பு முறை ஒன்றைக் கையாண்டது. விண்ணப்பதாரர் அந்நாட்டுக் குடியுரிமை உடையவரா என்பதும் அதில் ஓர் அளவுகோலாக இருந்தது. சிறு பிழைக்கும் முழுத் தொகையையும் திரும்பக் கேட்ட சட்டக் கடுமையும், முறையீடுகளைச் செவிமடுக்காத நிர்வாகப் போக்கும் இதனுடன் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் மார்க் ருட்டே தலைமையிலான அமைச்சரவை இதன் பொருட்டுப் பதவி விலகியது. தவறு இயந்திரத்துடையது மட்டுமன்று. அதன் குறிப்பைத் தட்டிக் கேட்க வேண்டிய இடங்களில் எவரும் கேட்கவில்லை என்பதே பெருங்குறை.

இணங்குதல் ஏன் எளிதாகிறது?

இயந்திரத்துடன் மாறுபடும் அலுவலர் காரணம் எழுதவேண்டும். பின்னர் தவறு நேரின் பழியையும் ஏற்கவேண்டும். இணங்குபவருக்கோ இவ்விரண்டும் இல்லை. கோப்புகள் குவிந்து கிடக்கையில் மனித மனம் எளிய வழியையே நாடும். ஆகவே, அலுவலரின் மனவுறுதியை மட்டும் நம்பியிராமல், இணங்குவதற்கும் காரணம் எழுதவேண்டும் என்னும் விதியை நடைமுறையில் கொண்டுவருதல் நலம்.

இந்தியச் சட்டத்திற்கு இது புதிதன்று. நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்குக் காரணங்களைத் தெரிவிக்கவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனது 4ஆம் பிரிவில் கூறுகிறது. ‘இயந்திரம் அவ்வாறு கூறியது’ என்பது காரணமாகாது. கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கையும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தீர்ப்புக்கு வருதல் கூடாது என விலக்கியுள்ளது.

செய்யத்தக்கவை

இயந்திரம் ஐயுற்ற விண்ணப்பங்களோடு, அது ஏற்றுக்கொண்டவற்றிலும் சிலவற்றை அலுவலர் அவ்வப்போது நேரில் ஆராயவேண்டும். மேல்முறையீட்டை, முடிவை மாற்றும் அதிகாரம் பெற்ற மனிதரே கேட்டறியவேண்டும். புதிதாகப் பணியில் சேர்வோர் முதலில் கோப்புகளைத் தாமே படித்து முடிவெழுதப் பழகுதல் இன்றியமையாதது. தாமாகச் செய்தறியாத வேலையில் பிறர் பிழையைக் காண்பது அரிது.

பல்லாயிரம் கோப்புகளை நொடியில் ஒப்புநோக்கும் ஆற்றல் இயந்திரத்துக்கு உண்டு. அதனை மறுப்பது பேதைமை. ஆயினும், உதவி மறுக்கப்பட்ட குடிமகன் ‘ஏன்?’ என்று கேட்கும்போது, எதிரில் நின்று விடையளிக்கவேண்டியவர் கையொப்பமிட்ட அலுவலரே.