முடிச்சு எங்கே, அவிழ்வது எங்கே?



ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் யோசேப்பு கதையைச் சொல்லி முடித்ததும் ஆசிரியர்களாகிய நாம் கேட்கும் முதல் கேள்வி, "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" பிள்ளையும், "பொறாமைப்படக் கூடாது சார்" என்று ஒப்பித்துவிட்டு பிஸ்கட்டுக்கு ஓடிவிடும். கதை போன இடம் தெரியாது!

அதற்குப் பதிலாக, கதையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தை எடுத்து, உடையை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். யோசேப்புக்குத் தகப்பன் கொடுத்த பலவருண அங்கி. அதைக் கழற்றிக்கொண்டுதான் அண்ணன்மார் தம்பியைக் குழியில் தள்ளுகிறார்கள். வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்து அப்பனுக்கு அனுப்புகிறார்கள். அந்த அப்பன் யாக்கோபு யார்? வெள்ளாட்டுத் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு தன் அப்பனையே ஏமாற்றியவர். எழுதியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, ஐயா! எகிப்தில் அடிமையாக வேலை செய்யும் போத்திபார் வீட்டில் யோசேப்பின் மேலாடை பறிபோகிறது, சிறை. எகிப்தின் ராஜா பார்வோன் அவருக்கு மெல்லிய வஸ்திரம் உடுத்துவிக்கிறான், பதவி. உடை மாறும்போதெல்லாம் கதையும் திரும்புகிறது. இதைப் பத்து வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

சரி, பெரிய திருப்பம் எது? யோசேப்பு எகிப்துக்கு அதிபதியான இடம் என்று பலரும் சொல்வீர்கள். நான் ஒப்பமாட்டேன். முடிச்சு விழுந்தது அண்ணன் தம்பிகளுக்குள்ளே. அரண்மனையில் போய் அது எப்படி அவிழும்?

"இவனைக் கொல்ல வேண்டாம், விற்றுவிடுவோம்" என்று யோசனை சொன்னவன் அண்ணன்மாரில் ஒருவனான யூதா. விலை 20 வெள்ளிக்காசு. வருஷங்கள் கழித்து, அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து, அதிபதி யோசேப்பு என்று அறியாமல் திரும்பும்போது, தம்பி பென்யமீனின் சாக்கில் அதிபதியின் வெள்ளிப் பாத்திரம் அகப்படுகிறது. இவனும் அப்பனுக்குச் செல்லப்பிள்ளை. இவன் மட்டும் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்கிறார் அதிபதி. பழைய சோதனை அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. விட்டுவிட்டுப் போனால் கேட்பாரில்லை. அப்போது அதே யூதா முன்னால் வந்து, "தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்கிறான். அதற்குப் பிறகுதான் யோசேப்பு அழுகையை அடக்க முடியாமல் தன்னை வெளிப்படுத்துகிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு, பாத்திரம் அகப்பட்ட இடத்தோடு வேதாகமத்தை மூடிவிடுங்கள். யூதா என்ன செய்வான் என்று எழுதி வரச் சொல்லுங்கள். யோசேப்பைச் சபிப்பான், ஓடிப்போவான், பொய் சொல்வான் என்று எதை எழுதினாலும் திருத்தாதீர்கள். 37-ஆம் அதிகாரத்தில் எதைப் பார்த்து அப்படி எழுதினாய் என்று மட்டும் கேளுங்கள்.