ஆள வருவோர்க்கும் ஒரு பள்ளி

அரசு அலுவலர்க்குத் தலைமைப் பயிற்சி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது தயங்கினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்திருப்பவன் நான். இதுவோ பேராசிரியர் பேசவேண்டிய பொருள். "கவுண்டருக்குப் பின்னால் இருப்பவனுக்குத்தானே அதன் அருமை தெரியும்" என்றார் அவர். ஆகவே துணிந்தேன்.

பாலகாட்டில் இதனைப் பேசுவது பொருத்தமே. நிலத்தடியில் சிலரை வேலைவாங்கும் மேட் ஒருவர்கூடத் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள் கூறின. நம் தந்தையர் பலர் அதற்காக விளக்கொளியில் படித்ததை நீங்கள் அறிவீர்கள். நிலத்தடியில் பத்துப் பேரை நடத்துவோர்க்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், நிலத்தின்மேல் ஒரு தாலுகாவையே நடத்துவோர்க்குப் பயிற்சி வேண்டாமா?

இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. சென்னையில் 1812ஆம் ஆண்டிலேயே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய இளம் ஆங்கில அதிகாரிகள், பதவியில் அமருமுன் இந்நாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்வு கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னின்றவர் எல்லிஸ் துரை. அவர்களுக்குப் பாடமாகத் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் ஆக்கினார். 1826இல் அது அச்சேறியது. அறிவில்லா அரச குமாரர்களுக்கு அரசியல் புகட்ட எழுந்த நூலைக் கும்பினி அதிகாரிகளுக்கு வைத்தது எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! வரி தண்டவே மொழி கற்றார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்து, அதைக் கூறும் கல்வெட்டில் திருக்குறளைப் பொறிக்கச் செய்தவரும் அந்த எல்லிஸ்தான். அக்கல் இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலைச் சேர்ந்தது.

விடுதலைக்குப் பின் 1959இல் முசோரியில் தேசிய ஆட்சிப் பயிற்சிக் கழகம் அமைந்தது. மாநில அலுவலர்க்கெனத் தமிழ்நாட்டில் 1981இல் அண்ணா மேலாண்மை நிலையம் தோன்றியது. அரசுப் பணியில் புதிதாய்ச் சேரும் இளநிலை உதவியாளர்கள் பவானிசாகரில் பயில்கின்றனர். நம் கர்நாடகத்திற்கு மைசூரில் லலிதமகால் சாலையில் ஆட்சிப் பயிற்சி நிலையம் உண்டு. 2020இல் மத்திய அரசு கர்மயோகி இயக்கம் என்ற பெயரில் இணையவழிப் பாடங்களும் தொடங்கிற்று. பள்ளிகளுக்குக் குறைவில்லை. அங்கே எதைக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

சென்ற ஆண்டு எங்கள் லைனில் வாழும் மூதாட்டி ஒருவருக்கு உதவித்தொகை நின்றுபோயிற்று. சுரங்கத் தொழிலாளியின் கைம்பெண். வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்த கை. விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் இயந்திரம் அவரை அடையாளம் காணவில்லை. மூன்று முறை சென்றார். மூன்று முறையும் "நாளை வா" என்றே விடை கிடைத்தது. நான்காம் முறை நான் துணை சென்றேன். சாளரத்தில் இருந்தவரை நான் குறைகூற மாட்டேன். எனக்குப் பயிற்சியளித்த காலத்திலும் விதிகளையும் கட்டணங்களையும் கற்பித்தார்களேயன்றி, விதிக்குள் அடங்காத மனிதர் எதிரே நின்றால் என் செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து இளம் அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். கிழவியை நாற்காலியில் அமரச் செய்தார். உடைந்த தமிழில், "பாட்டி, கையைக் காட்டுங்க" என்றார். பார்த்தார். எழுத்தரிடம் சினந்துகொள்ளவில்லை, அவர் அருகே நின்று, விரலுக்கு மாற்றாகக் கண்மணியைப் பதிந்துகொள்ளும் முறையைத் தாமே செய்து காட்டினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவ்வாரத்திலேயே அதே எழுத்தர் வேறொரு முதியவருக்கு அவ்வண்ணமே செய்ததாகப் பின்னர் அறிந்தேன்.

தமிழ் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பயிற்சிக் காலத்தில், தமக்கு மொழி தெரியாத ஒரு சிற்றூரில் ஒரு வாரம் தங்கவைத்தார்களாம். ரேஷன் கடை வரிசையில் நின்று, சொல்வது விளங்காமல் விழித்தாராம். இங்கே மாற்றலாகி வந்ததும் முதல் வேலையாகத் தமிழ் கற்கத் தொடங்கினாராம். அவர் பெற்ற பயிற்சி முழுவதிலும் அந்த ஒரு வாரமே உயர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

1930இல் கைரேகைப் பதிவு ஆணையை எதிர்த்து நம் முன்னோர் இதே வயலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். விரல் என்பது இங்கே வெறும் விரலன்று. அதில் மானம் இருக்கிறது. இதனை அறியாத அதிகாரி எத்தனை வகுப்பில் அமர்ந்தும் என்ன?

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும்வரை வீடும் நீரும் மருத்துவமும் கம்பெனி பார்த்துக்கொண்டது. இன்று நம் குறை எதுவாயினும் அரசு அலுவலகத்தின் படியேதான் ஏறவேண்டும். அப்படியின் மறுபுறம் நம் பிள்ளைகளும் அமர வேண்டாமா? மாநிலத் தேர்வாணையம் கன்னட மொழித் தேர்விலும் தேறச் சொல்கிறது. நம் பிள்ளைகள் கன்னடம் நன்றாகவே பேசுகிறார்கள்; எழுதச் சொன்னால் பின்வாங்குகிறார்கள். தமிழ்ச் சங்கத்தில் கன்னட வகுப்பா என்று பெரியவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த அதிகாரி நம் பாட்டிக்காகத் தமிழ் கற்றாரே, அவர்க்கு நாம் என்ன விடை சொல்வது?

சங்க வாசகசாலை மாலையில் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் இரு நாள் வந்து எழுத்துக் கன்னடம் கற்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இசைந்துள்ளார். ஊதியம் வேண்டாம், விளக்குச் செலவை மட்டும் சங்கம் ஏற்கட்டும் என்கிறார். பெயர் தர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் தரலாம். என் மகளின் பெயரை இன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.