செய்தி வேறு, சாட்சி வேறு

(நமது அறக்கட்டளையின் சிறுதொழில் உதவி பெற்ற சகோதரிகளுக்காக நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்தக் கூட்டத்திற்கு உங்களை அழைத்தது வாட்ஸ்அப்பில்தான். முன்பெல்லாம் நோட்டீஸ் அடித்து ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் நின்று கொடுப்போம். இந்த முறை நான் ஒரு நிமிடம் பேசி அனுப்பினேன், மண்டபம் நிறைந்துவிட்டது. ஆகவே அந்தச் செயலியைக் குறை சொல்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. அதனால் நமக்குக் கிடைத்தது என்ன, அதோடு சேர்ந்து வராதது என்ன என்று இரண்டையும் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கிடைத்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நாம் தையல் மெஷின் கொடுக்க ஆரம்பித்தபோது, வாங்கிய சகோதரிகள் கேட்ட முதல் கேள்வி, “தைத்ததை எங்கே விற்பது?” என்பதுதான். கடைக்கு அட்வான்ஸ் வேண்டும், வாடகை வேண்டும், ஆள் வேண்டும். கைக்குழந்தையை வைத்திருக்கும் ஒரு விதவைப் பெண் பஜாரில் போய் உட்கார முடியுமா? இன்று அதே சகோதரி காலையில் அபாயாவைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறார். அஸருக்குள் மூன்று பேர் விலை கேட்கிறார்கள். வாடகையும் இல்லை, போர்டும் இல்லை.

இது எப்படி வந்தது? 2009-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் வாட்ஸ்அப்பைத் தொடங்கினார்கள். 2014-ல் பேஸ்புக் நிறுவனம் அதைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. நம் நாட்டில் 2016-ல் யுபிஐ வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவின் விலையும் சரிந்தது. 2018-ல் சிறு வியாபாரிகளுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. பேச்சும் பணமும் ஒரே போனுக்குள் வந்து சேர்ந்தன.

நம் நாட்டில் மட்டும் இப்படி நடக்கவில்லை. சீனாவில் 2011-ல் வந்த வீசாட், 2014 புத்தாண்டு நேரத்தில், பெரியவர்கள் சிவப்பு உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்புப் பணத்தைப் போனிலேயே அனுப்ப வழி செய்தது. அதற்கும் முன்பே, 2007-ல், கென்யாவில் எம்-பெசா வந்தது. அதற்கு ஸ்மார்ட்போன்கூடத் தேவையில்லை. நகரத்தில் வேலை பார்க்கும் மகன், சாதாரண பட்டன் போனில் கிராமத்திலுள்ள தாய்க்குப் பணம் அனுப்பினான். பக்கத்துக் கடையில் அந்தத் தாய் அதை ரொக்கமாக வாங்கிக்கொண்டாள்.

இவையெல்லாம் நம்மைப் போன்ற நாடுகளில் இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. நம் வியாபாரமே பேச்சில் நடப்பது. விலை கேட்போம், குறைக்கச் சொல்வோம், “அடுத்த வாரம் தருகிறேன்” என்போம். கம்ப்யூட்டர் பக்கத்தில் எழுதிவைத்த விலையோடு பேரம் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் பேசலாம். அதாவது நம் பஜார் அப்படியே கைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் பஜாரில் இருந்த ஒன்று அதோடு கூட வரவில்லை. அதுதான் சாட்சி.

என் வாப்பா மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நீளமான ஒரு நோட்டு இருக்கும். கடன் வாங்குகிறவர் முன்னாலேயே எழுதி, வாசித்துக் காட்டி, பிறகுதான் சாமானைக் கட்டுவார்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மத்ரஸாவில் ஓதும்போதுதான் தெரிந்துகொண்டேன், திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்று. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். வாப்பாவின் நோட்டுக்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது.

இப்போது நம் சகோதரி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன்; பெயர் சொல்ல மாட்டேன். வட்டலப்பம் செய்து விற்பவர். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கல்யாண வீடு, பெரிய ஆர்டர். முட்டை, தேங்காய், கருப்பட்டி எல்லாம் கடனில் வாங்கி, இரவெல்லாம் விழித்துச் செய்தார். காலையில் பைக்கில் வந்த ஆள், “முழுப் பணமும் போட்டாச்சு” என்று போனில் ஒரு படத்தைக் காட்டினான். அதையே அவருக்கும் அனுப்பினான். சாமானைக் கொடுத்துவிட்டார். கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அந்த எண்ணும் அதோடு அணைந்துபோனது.

வெட்கத்தில் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 9,600 ரூபாயை எடுத்துக் கடைக்கடனை அடைத்திருக்கிறார். பிறகுதான் என்னிடம் வந்து, “காக்கா, பணம் அனுப்பின படம் என் போன்ல இருக்கே, அது சாட்சி ஆகாதா?” என்று கேட்டார்.

ஆகாதம்மா. அது செய்தி. செய்தி வேறு, சாட்சி வேறு. படத்தை யாரும் தயார் செய்யலாம். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய தொகைதான் சாட்சி.

அந்தச் சகோதரி ஏமாந்தார் என்று பேசுகிறேனே, நானும் தப்பவில்லை. ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு ஒரு செய்தி வந்தது. படத்தைப் பார்த்ததும் மனம் கலங்கி, நம் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டேன். செயலாளர் அனுப்பியது என்பதால் பலர் விசாரிக்காமல் பணம் அனுப்பினார்கள். பிறகு விசாரித்தால், அது பழைய செய்தி. சிகிச்சை முன்பே முடிந்துவிட்டது. கீழே இருந்த எண் அந்தக் குடும்பத்தினுடையதே அல்ல. யாரோ எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பணம் அனுப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கும் கேட்கிறேன். ஒரு போன் செய்து விசாரித்திருந்தால் போதும். அதை நான் செய்யவில்லை.

விசாரிக்காமல் அனுப்பினால் பணம் மட்டும்தான் போகும் என்றில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதிய பெண்மணியைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அந்தச் சந்தேகத்தை ஊர் ஊராக விதைத்தது வாட்ஸ்அப் வதந்தி. அந்த ஆண்டுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அவர்கள் வைத்த கட்டுப்பாடு எண்ணிக்கைக்கு மட்டும்தான். உண்மையா என்று விசாரிப்பது நம் பொறுப்பு.

ஆகவே சகோதரிகளே, சில விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதை உங்கள் போனில், உங்கள் கண்ணால் பார்த்த பிறகே சாமானைக் கொடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை; போடச் சொன்னால் அது திருட்டு. பெரிய ஆர்டருக்கு முன்பணம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். குரல் பதிவில் ஆர்டர் வந்தாலும் தேதி, அளவு, விலை, முன்பணம் நான்கையும் எழுத்தில் அனுப்பி, “சரி” என்று பதில் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் ஒரு காகித நோட்டில் இருக்கட்டும். 2021 அக்டோபர் 4 அன்று உலகம் முழுக்க வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோனது. எண்களைக் கையில் எழுதி வைத்திருந்தவர்கள் சாதாரணமாகப் போன் செய்து பேசிக்கொண்டார்கள்.

இன்னொன்று. பணம் தராதவர் பெயரைக் குழுவில் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். தனியாகக் கேளுங்கள். கடன் நம் உரிமை. அவருடைய மானம் நம் கையிலுள்ள அமானிதம். நாமும் உதவி பெறுபவர்களின் புகைப்படத்தை இனி எந்தக் குழுவிலும் போடுவதில்லை என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். மருத்துவ உதவிச் செய்திகளும் நேரில் விசாரித்த பிறகே நம் பெயரில் வரும்.

இன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு நோட்டு தருகிறோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும் நம் பெண் பிள்ளைகள் இருவர் அலுவலகத்தில் இருப்பார்கள். போனையும் நோட்டையும் கொண்டு வாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தருவார்கள்.

கூட்டம் முடிந்ததும் உங்களுக்கு வட்டலப்பம் உண்டு. செய்தவர் அதே சகோதரிதான். ஆர்டரை வாட்ஸ்அப்பில்தான் கொடுத்தோம். முன்பணம் கேட்டார், கொடுத்தோம். மீதியைக் காலையில் அனுப்பினோம். கணக்கில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை ஆட்டோவில் ஏற்றினாராம். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.