எந்திரனியல் பயில்வார் கொள்ளவேண்டிய குறிக்கோள்



எந்திரன் செய்யப் பயில்வார் பலர், அதன் கை அசைந்துவிட்டாற் கல்வி முற்றியதென மகிழ்கின்றனர். அது தொடக்கமே! உணரி உணர்த்துவதைக் கணித்து, உரிய நொடியில் இயக்கியை ஏவுவதே உட்பொதி அமைப்பின் உயிர்ப்பணி. சரியான விடையே எனினும், காலந்தவறி வருமாயின் அது பிழையே.

1997 சூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்பைண்டர் கலத்தை எண்ணிப் பாருங்கள். அதன் கணிப்பொறி திரும்பத் திரும்பத் தானே மறுதொடக்கமுற்றது. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணி மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. ஏன்? முதன்மைப் பணிக்கு வேண்டிய பொதுப்பூட்டை, வானிலை அளவைகளைத் திரட்டும் கடைநிலைப் பணி வைத்திருந்தது. இடைநிலைச் செய்தித்தொடர்புப் பணி குறுக்கிட்டு, அதனை முடிக்கவிடாது தடுத்தது. முதன்மைப் பணி காலந்தவறவே, கணிப்பொறி மீளத் தொடங்கிற்று.

அறிஞர்கள் நிலவுலகிலிருந்த ஒத்த கருவியில் அப்பிழையை மீண்டும் தோற்றுவித்து வேர் கண்டனர். பூட்டை வைத்திருக்கும் பணி, அதற்குக் காத்திருக்கும் பணியின் முதன்மையை அதுவரை பெறுமாறு திருத்தி, அத்திருத்தத்தை விண்வழி விடுத்தனர்.

ஆகவே குறிக்கோள் மூன்று: நேரத்தை அளந்து நிரல் எழுதுதல், பொதுப்பொருளைப் பகிரும் முறையறிதல், பிழையை மீளத் தோற்றுவித்து வேர் காணல். இம்மூன்றும் கைவந்தாரே எந்திரனை ஆள்வார். ஏனையோர் அதன் பின்னே ஓடுவார்!