கடல் கொண்ட ஊரும் ஈருருளி இளைஞரும்



காரியும் ஞாயிறும் ஓய்வாய் அமைந்தால், இளைஞர் பலர் நண்பர் குழுவாய் ஈருருளிகளில் தனுக்கோடிக்கு விரைகின்றனர். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பெற்றபின் இவ்வரவு பெருகிற்று. இருபுறமும் கடல்; நடுவே கருஞ்சாலை; உள்ளம் துள்ளத்தான் செய்யும். அதனைக் குறைசொல்வார் யார்?

ஆயின், அவர்தம் உருளிகள் கடக்கும் மணல் எத்தகையது? 1914 முதல் அரை நூற்றாண்டுக் காலம், தொடர்வண்டியில் வந்திறங்கியோர் இத்துறையினின்றே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் இடையே திறந்திருந்த வாயில் அது! 1964 திசம்பர் 22ஆம் நாள் இரவு, சூறாவளியும் பேரலையும் எழுந்தன. பாம்பனிலிருந்து வந்த தொடர்வண்டி, நிலையத்தை எட்டுமுன்னரே, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கடலுள் மூழ்கிற்று. ஊர் வாழத் தகாததென அரசு அறிவித்தது.

இடிந்த கிறித்தவக் கோயிற் சுவர்முன் சிரித்து நின்று படமெடுப்போருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? அறிவிக்கும் கடமை மூத்தோர்க்கு இல்லையா?

மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிலமைத்து வாழ்கின்றன. மணலைத் தோண்டி, ஊறும் நன்னீரை முகந்து பருகுகின்றன. அன்று சிறுவராயிருந்தோர் இன்று அறுபதைக் கடந்த முதியோர். அடுத்த முறை செல்வோர் வண்டியை அக்குடில்களின் அருகே நிறுத்துக; அவ்விரவைக் கண்டோர் வாய்ச்சொல்லை, அது மறையுமுன், கேட்டு எழுதிக் கொணர்க!